பெரகல ஏற்றமும் ரேடியேட்டரும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக மட்டக்களப்புக்குச் செல்லும் ஏ4 வீதியில், ஹப்புத்தளை, பண்டாரவளை, ஹாலிஎல நோக்கி ஏ16 வீதி பிரியும் சந்தி பெரகல. மேற்கே பெலிஹுல்ஓயாவிலிருந்து வந்தாலும் கிழக்கே வெல்லவாயவிலிருந்து வந்தாலும் ஏறித்தான் இந்தச் சந்தியை அடைய வேண்டும். ஹப்புத்தளைக்கு அங்கிருந்தும் ஏற்றமே. இந்த ஏற்றத்தில் வாகனம் ஓட்டுவோர் ரேடியேட்டரின் சுத்தத்தில் கண்ணாக இருக்க வேண்டும்.

19ஆம் நூற்றாண்டில் இம்மலைகளின் காப்பிச் சுமையை இழுத்தவை மாட்டு வண்டிகள். 1869இல் இலங்கையில் தோன்றிய இலைநோய் காப்பியை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. ரயில் 1893இல் ஹப்புத்தளைக்கும், 1894இல் பண்டாரவளைக்கும், 1924இல் பதுளைக்கும் வந்தது. ஆனால் தோட்டத்துக்கும் ஸ்டேஷனுக்கும் இடையில் வீதியே வழி. அந்த வேலை வண்டி மாட்டிடமிருந்து லொறிக்கு மாறியது. ஏற்றத்தில் மாடு தண்ணீர் கேட்டது போலவே எஞ்சினும் கேட்டது.

பொறியாளர் வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்த தேன்கூட்டு ரேடியேட்டர் 1901ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் காரில் வந்தது. நுண்ணிய இடைவெளிகளில் காற்று புகுந்து நீரின் சூட்டை வாங்கிச் செல்வதே அதன் வேலை. 1908 முதல் 1927 வரை வெளிவந்த ஃபோர்ட் மொடல் டி கார்களில், தொடக்கத்தில் வந்த சிலவற்றைத் தவிர, நீரைத் தள்ளும் பம்ப் கிடையாது. சூடான நீர் மேலே எழுவதும் ஆறிய நீர் கீழே இறங்குவதுமே சுழற்சி. மலையின் உயரமும் எதிராக நின்றது: சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். பாரம் ஏற்றிய வாகனம் முதல் கியரில் ஊர்ந்து ஏறும்போது எதிர்க்காற்றும் போதாது. அந்நிலையில் ரேடியேட்டரின் முகம் அடைபட்டிருந்தால் எஞ்சின் கொதிப்பது உறுதி.

அடைப்பவை மானாப்புல்லின் விதைகள், காய்ந்த சருகு, வீதிப் புழுதி, இரவில் விளக்கு வெளிச்சத்தை நாடி வரும் அந்துப்பூச்சிகள். வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக இடம்பெயரும் காலத்தில் அவையும் ரேடியேட்டர் தகடுகளின் இடுக்குகளில் சிக்கும்.

சுத்தம் செய்யும் முறை அன்றும் இன்றும் ஒன்றே. எஞ்சினை நிறுத்தி முழுவதும் ஆறவிட வேண்டும். சூடாக இருக்கையில் மூடியைத் திறக்கவே கூடாது. காய்ந்து ஒட்டிய பூச்சிகளைச் சவர்க்கார நீரால் ஊறவைத்து, மென்மையான தூரிகையால் தகடுகளின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். பின்னர் எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கி மெதுவாகத் தண்ணீர் அடிக்க வேண்டும். காற்று உள்ளே தள்ளிய குப்பை வந்த வழியே வெளியேறும். முன்னாலிருந்து வேகமாக அடித்தால் குப்பை இன்னும் ஆழத்துக்குப் போகும், தகடுகளும் மடங்கிவிடும்.

பம்பும் அழுத்த மூடியும் பரவியபின் கொதிப்பு குறைந்தது. ஈயப்பற்று வைத்துச் சரிசெய்த செம்பு, பித்தளை ரேடியேட்டர்களின் இடத்துக்கு அலுமினியம் வந்தது. ஏசி வந்தபின் அதன் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னே நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் சேரும் குப்பை வெளியே தெரிவதில்லை. ஆனால் பெரகல ஏற்றம் குறையவில்லை. மலை ஏறுமுன் அந்த இடுக்கையும் பார்த்துச் சுத்தம் செய்வதே பாதுகாப்பு.