தந்தியும் கைப்பேசியும்

கைப்பேசி மனத்தை அலைக்கழிக்கிறது என்கிறோம். இம்முறையீடு புதியதன்று. 1844-ஆம் ஆண்டில் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே மோர்ஸின் தந்தி ஓடிற்று. 1881-இல் ஜார்ஜ் பியர்டு என்னும் அமெரிக்க மருத்துவர், தம் நாட்டாரின் நரம்புத் தளர்ச்சிக்குரிய காரணங்களுள் தந்தியையும் ஒன்றாக எழுதினார். (பெண்களின் அறிவு முயற்சியையும் அப்பட்டியலிற் சேர்த்தார், அதனை நாம் ஏற்பதற்கில்லை.) முன்னாளில், தொலைநாட்டு விலை நிலவரத்தை அறிய வணிகன் கப்பல் வரும்வரை காத்திருந்தான். தந்தி வந்தபின், விலையின் ஒவ்வோர் ஏற்றமும் இறக்கமும் அன்றன்றே அவன் கதவைத் தட்டின.

ஆயினும் தந்திக்கு ஒரு கடிவாளம் இருந்தது. சொற்களை எண்ணிக் காசு வாங்கினார்கள்! ஆதலால் நம் இல்லங்களுக்குப் பெரும்பாலும் தலைபோகும் செய்திகளே தந்தியாய் வந்தன. இந்தியாவில் அச்சேவை 2013-இல் நின்றது. கைப்பேசிச் செய்திக்கோ அவ்விலை இல்லை. கடிவாளத்தை நாமே இடவேண்டும். பணிநேரம் கடந்தபின் தொடர்பை விலக்கிக்கொள்ளும் உரிமையைப் பிரான்சு நாடு 2017 ஜனவரி முதல் சட்டமாக்கியது.

உங்களுக்குச் சட்டம் எதற்கு? அறிவிப்பொலிகளை அடக்கிவிட்டு, குறித்த வேளையில் மட்டும் செய்திகளைப் பாருங்கள். என் பேத்தி மாலையில் ஒருமுறைதான் பார்க்கிறாள். அவசரமெனில் தாத்தாவின் எண்ணுக்கு அழைக்குமாறு தோழியரிடம் சொல்லியிருக்கிறாள். தந்திச் சேவகன் வேலை இப்போது எனக்கு!