நீலகிரி: மண்சரிவும் இல்லத்தாரின் முன்னேற்பாடும்

நீலகிரி மாவட்டத்து இயற்கை அபாயங்களுள் பிரதானமானது மண்சரிவே. சார்னோகைட் பாறையின்மேல் கனத்துப் படிந்துள்ள சிதைந்த மண், இருபருவ மழைகளிலும் நீரை உறிஞ்சிப் பாரமேறி, சாலைக்காகவோ மனைக்காகவோ அடிப்புறம் வெட்டப்பட்ட சரிவுகளில் பிடியிழந்து இறங்கிவிடுகிறது. 1993 நவம்பரில் குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் மரப்பாலத்தருகேயும், 2009 நவம்பரில் உதகை, குன்னூர், கோத்தகிரி வட்டாரங்களிலும் நேர்ந்த சரிவுகள் பல உயிர்களைப் பலிகொண்டன. இங்கு மழை எவ்வளவு கடுமையாகப் பெய்யக்கூடும் என்பதற்குச் சான்றாக, 2019 ஆகஸ்டில் இம்மாவட்டத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது.

சரிவு யாதொரு அறிகுறியுமின்றி வருமென்பது முற்றிலும் சரியன்று. முற்றத்தில் புதிதாய் விரியும் வெடிப்பு, நேற்றுவரை எளிதாய்ச் சாத்திய கதவு நிலையில் இறுகிக்கொள்ளுதல், சாயும் மின்கம்பம், திடீரெனக் கலங்கிவரும் ஊற்றுநீர் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும், நள்ளிரவென்று பாராமல் வெளியேறுவதே விவேகம்.

மழைக்கு முன்பே பின்மேட்டு வடிகாலைத் தூர்வாரி, ரேஷன் அட்டை, பட்டா முதலிய பத்திரங்களை நீர்புகா உறையிலிட்டு, மருந்து, டார்ச், கம்பளி ஆகியவற்றோடு வாசலருகே வைத்தல் வேண்டும். தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில் வசிப்போர்க்குத் தம் மனையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை இல்லாமையால், அங்கே தடுப்புச்சுவரும் வடிகாலும் அமைப்பது நிர்வாகத்தின் கடமையாகும். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் தொலைபேசி எண் 1077.