சுயராச்சியம் யாருக்கு?

சுயாட்சி, சுயநிர்ணயம் என்று யார் பேசினாலும் நான் முதலில் கேட்பது, யாருக்கு என்பதைத்தான். இதைப் புரிந்துகொள்ள இலங்கை நமக்கு நல்ல பாடம்.

1928ல் சைமன் குழுவிடம் வயதுவந்த எல்லோருக்கும் ஓட்டு கேட்டார் அம்பேத்கர். அதே வருஷம் வந்த டொனமூர் அறிக்கை, மக்கள்தொகையில் 4 விழுக்காடு பேருக்கே ஓட்டு இருந்த இலங்கையில், படிப்பு சொத்து பார்க்காமல் ஓட்டுரிமை தரச் சொன்னது. 1931ல் 21 வயதான ஆணுக்கும் பெண்ணுக்கும் அது கிடைத்தது. நமக்குக் கிடைக்க 1951-52 தேர்தல் வரை ஆச்சு.

இதை எதிர்த்து முன்னால் நின்றவர் சர் பொன்னம்பலம் இராமநாதன். எம்.ஏ. வகுப்பில் இவரைச் சைவமும் தமிழும் வளர்த்த பெருமகன் என்று சொல்லிக் கொடுத்தார்கள். கல்லூரிகள் கட்டினார், உண்மைதான். பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதிகளுக்கும் ஓட்டு கூடாது என்றவரும் இவரே என்பதை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை.

யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் வேறு மாதிரி. தீண்டாமையை எதிர்த்தவர்கள், சமபந்தி நடத்தியவர்கள். ஆனால் முழுச் சுயராச்சியம் இல்லையென்று 1931 தேர்தலைப் பகிஷ்கரித்தார்கள். குடாநாட்டின் நான்கு தொகுதிகளில் வேட்புமனுவே இல்லை. 1934 வரை அங்கே ஓட்டுப்பெட்டி வரவில்லை. பள்ளருக்கும் நளவருக்கும் பறையருக்கும் கிடைத்த முதல் ஓட்டு அப்படியே கிடந்தது. பகிஷ்கரிக்கலாமா என்று அவர்களை யார் கேட்டார்கள்?

மலையகத்தில் இன்னொரு கதை. தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களில் பெரும்பகுதி நம் சேரிச் சனம். 1947ல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். சுதந்திரம் வந்ததும் 1948, 1949 சட்டங்கள் அவர்களுடைய குடியுரிமையையும் ஓட்டையும் பிடுங்கின. 1964 ஒப்பந்தம் அவர்களை இரண்டு நாடுகளுக்கும் தலைக்கணக்கில் பங்கு போட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சக் கணக்கு தீர 2003 சட்டம் வரை காத்திருந்தார்கள்.

1957ல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. கோயில், தேநீர்க்கடை, கிணறு எங்கும் தடுப்பது குற்றம். ஏட்டில் மட்டும். 1967ல் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் எழுந்து தேநீர்க்கடைக்குள் புகுந்த பிறகுதான் சட்டத்துக்கு உயிர் வந்தது. 1968ல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் பஞ்சமரை மறித்து நின்றவர் யார்? கணிதப் பேராசிரியர், முன்னாள் அமைச்சர் சி. சுந்தரலிங்கம். தமிழருக்குத் தனிநாடு கேட்டவரும் அவர்தான். தண்டிக்கப்பட்டதும் லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்கைக் கொண்டுபோனார். தமிழனுக்கு நாடு வேண்டும், தமிழன் கோயிலுக்குள் வரக்கூடாது!

அப்படியானால் கொழும்பு நல்லதா என்று சிலர் மடக்குவார்கள். 1956ல் சிங்களம் மட்டும் என்று சட்டம் போட்ட ஆட்சிதான் 1957 சட்டத்தையும் போட்டது. தமிழனாகவும் பஞ்சமராகவும் அடி வாங்கியவர்களுக்கு இரண்டும் தெரியும். அவர்கள் தமிழர் உரிமையை வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்குள் தங்கள் பங்கு எங்கே என்றுதான் கேட்டார்கள். அந்தக் கேள்வியைப் பிளவுவாதம் என்று வாயடைத்தது எந்த வர்க்கம், எந்தச் சாதி என்று நாம் பேசியாக வேண்டும்.

தன்னாட்சித் திட்டம் எழுதுகிறவர்கள் கொடியையும் எல்லையையும் பிறகு எழுதட்டும். காணி யாருக்கு, கிணறு யாருக்கு என்பதை முதல் பக்கத்திலேயே எழுதட்டும்.