சூடும் குளிர்ச்சியும்: தென்னாட்டில் குதிரைக்கும் மல்லர்க்கும் செய்யப்பட்ட அடிகாய மருத்துவம்

பாண்டியர் ஆண்டுதோறும் வாங்கிய இரண்டாயிரம் குதிரைகளுள் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும், அவற்றைப் பேணும் வகை இந்நாட்டார்க்குத் தெரியாது என்றும் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதினார். தென்னாட்டில் குதிரை மருத்துவம் இருந்ததில்லை என்பதற்கு இக்கூற்றைச் சான்றாகக் கொள்வது பொருந்தாது. குதிரை மருத்துவர் எவரும் இங்கு வராதபடி வணிகரே பார்த்துக்கொண்டனர், குதிரைகள் சாவதே அவர்களுக்கு ஆதாயம் என்று போலோவே சொல்லியிருக்க, அறியாமை என்று அவர் குறித்ததில் பாதி வணிகச் சூழ்ச்சியாகிவிடுகிறது. அன்றியும், ஒவ்வாத தட்பவெப்பமும் இறைச்சி கலந்த சோறும் கொன்ற குதிரைகளின் கணக்கு, கால் சுளுக்கிய குதிரைக்கு லாயத்தில் என்ன செய்தார்கள் என்னும் வினாவுக்கு விடையாகாது.

அடிபட்டுப் புண்ணின்றி வீங்கிய உறுப்புக்குக் குளிர்ந்த பூச்சும் குளிர்நீரும் இடுமாறு சுசுருத சங்கிதை விதிக்கிறது. எலும்பு முறிவின்மேல் ஆல் முதலிய மரப்பட்டைகளைக் காய்ச்சி ஆறவைத்த கஷாயத்தை ஊற்றச் சொல்கிறது. வெப்ப மருத்துவமாகிய சுவேதனத்தையோ, மணல், துணி முதலியவற்றால் தரும் உலர்சூடு, ஆவி, சூடான பற்று, சூடான நீர்மம் என நான்காக வகுக்கிறது. இவற்றுள் முதலாவது தமிழர் வீட்டு ஒத்தடமே. சயதத்தர் இயற்றிய அசுவ வைத்தியகமும் நகுலன் பெயரால் வழங்கும் அசுவ நூலும் ஆயுர்வேதத்தின் முக்குற்றக் கொள்கையைக் குதிரைக்குப் பொருத்துகின்றன. அவற்றின் காலம் இன்னும் அறுதியிடப்படவில்லை.

நூல்விதி நடைமுறையாயிற்றா என்பதற்குத் தொண்டை மண்டலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு ஓரளவு துணைபுரிகிறது. வீரராசேந்திர சோழன் காலத்து (1068) அச்சாசனம் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலைக்கு ஒரு மருத்துவர், சல்லியக்கிரியை எனப்படும் அறுவை மருத்துவம் செய்வார் ஒருவர், மூலிகையும் விறகும் கொணர்ந்து மருந்து காய்ச்சுவார் இருவர் என்று நிவந்தம் வகுத்து, இருப்பில் வைக்கவேண்டிய தைலங்களையும் பட்டியலிடுகிறது. விறகுக்கும் தைலத்துக்கும் ஆள் வைத்துச் செலவெழுதிய இடத்தில் சூடு சார்ந்த மருத்துவம் ஏட்டளவில் நின்றிருக்காது. ஆயினும் அது மனிதர்க்கான சாலை. மருத்துவரின் பெயர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்றிருப்பது கொண்டு அவரைக் குதிரை மருத்துவராக்கிவிட இயலாது.

மல்லரும் குதிரையும் ஒருசேர வருவது போர்ச்சுகீசியப் பயணி டொமிங்கோ பாயஸ் 1520ஐ ஒட்டி எழுதிய குறிப்பில். விசயநகர அரசர் கிருஷ்ணதேவராயர், விடியுமுன் நல்லெண்ணெய் பருகி, உடலெங்கும் பூசி, பளுத்தூக்கி, வாள் வீசி, அவ்வெண்ணெய் வியர்வையாய் வெளியேறியபின் மல்லருடன் பொருது, பிறகு குதிரையேறி விரைந்தார் என்கிறார் அவர். எண்ணெயும் வியர்ப்பும் மல்லர் களத்தில் அன்றாடப் பழக்கமாயிருக்க, அதே காலையில் அதே அரசனுக்குப் பணிசெய்த லாயத்தார் மட்டும் அதை அறியாதிருந்தனர் என்பதே மெய்ப்பிக்கப்பட வேண்டிய கூற்று. நேர்ச்சான்று இல்லை என்பது உண்மை. போலோவின் கூற்றுக்கும் இதைவிட வலுவான சான்று கிடையாது.

குளிர்ச்சியின் நிலை வேறு. புதிய அடிக்குப் பனிக்கட்டி என்று 1978இல் வரையறுத்த அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், அது ஆறுதலைத் தாமதிக்கக்கூடும் என்று 2014இல் தம் கருத்தை மாற்றிக்கொண்டார்; பந்தயக் குதிரையின் காலில் குளிர்நீர் பாய்ச்சும் வழக்கமோ தொடர்கிறது. விசயநகர லாயத்தில் இதற்கு இணையான வழக்கம் இருந்ததா என்பதைப் பாயஸைக் கொண்டு துணிய இயலாது. குதிரையேற்றத்துக்குப் பின் அந்தணர் ஒருவர் அரசரை நீராட்டினார் என்னும் அவர், அந்நீர் வெந்நீரா தண்ணீரா என்று குறிக்கவில்லை.