கழுத்து வலிக்கு ஒரு வரலாற்றுப் பாடம்



இப்போதெல்லாம் உங்களில் யாரிடம் போனில் பேசினாலும், நலம் விசாரித்த இரண்டாவது நிமிடமே கழுத்து வலி பேச்சுக்கு வந்துவிடுகிறது. ஐடி கம்பெனியில் இருப்பவருக்கும் வலி, வங்கியில் இருப்பவருக்கும் வலி. ஒருவர் கழுத்தில் காலர் போட்டிருக்கிறார். ஒருவர் மூன்றாவது முறையாகத் தலையணையை மாற்றியிருக்கிறார். வேலையையே விட்டுவிடலாமா என்று கேட்டவரும் உண்டு. அந்தக் கேள்விதான் என்னை எழுத வைத்தது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் பரீட்சை கிடையாது!

இந்த வலியைக் கம்ப்யூட்டர் கொண்டுவந்தது என்று நினைக்கிறோம். இத்தாலியில் பெர்னார்டினோ ராமாஸினி என்று ஒரு மருத்துவர் இருந்தார். நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு "நீ என்ன தொழில் செய்கிறாய்?" என்பதையும் கேட்க வேண்டும் என்று மருத்துவர்களுக்குச் சொன்னவர். தொழிலாளர்களின் நோய்கள் பற்றி அவர் 1700-இல் ஒரு நூல் வெளியிட்டார். 1713-இல் வந்த விரிவாக்கப்பட்ட பதிப்பில், எழுத்தர்களைப் பற்றியும் ஒரு பகுதி சேர்த்தார். அப்போது அவருக்கு ஏறக்குறைய 80 வயது.

எழுத்தர்களின் துன்பத்துக்கு அவர் சொன்ன காரணங்கள் மூன்று. ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கை ஒரே மாதிரி அசைந்துகொண்டே இருப்பது, தப்பு வந்துவிடக் கூடாதே என்ற மன அழுத்தம். அவருக்குத் தெரிந்த ஒரு பத்திர எழுத்தர், எழுதி எழுதி வலது கை ஓய்ந்துபோனதால் இடது கையால் எழுதப் பழகினாராம். சில காலத்தில் இடது கைக்கும் அதே கதி! ராமாஸினி எழுதியது பெரும்பாலும் கையைப் பற்றித்தான். ஆனால் அந்த மூன்று காரணங்களும் இன்று உங்கள் கழுத்துக்கும் அப்படியே பொருந்துகின்றன.

காரணம் தெரிந்தது. மருந்து? அதற்கு ஸ்வீடன் போக வேண்டும். பெர் ஹென்ரிக் லிங் என்ற வாள்வீச்சு ஆசிரியர் 1813-இல் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சிக்கென ஒரு அரசு நிறுவனத்தைத் தொடங்கினார். உடற்பயிற்சியை மருத்துவமாகவும் அங்கே கற்றுக்கொடுத்தார்கள். அவர் வகுத்த முறை பின்னாளில் 'ஸ்வீடிஷ் டிரில்' என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளுக்கும் போனது. நீங்கள் வேப்பமரத்தடியில் வரிசையாக நின்று கை தூக்கினீர்களே, அந்த டிரில் பீரியடுக்கு இவர் தூரத்து உறவு.

அதே நாட்டில் குஸ்தாவ் சாண்டர் என்ற மருத்துவர் 1865-இல் உடற்பயிற்சி இயந்திரங்கள் வைத்து ஒரு நிலையம் திறந்தார். இன்றைய ஜிம் இயந்திரங்களுக்கு அவை முன்னோடி. அலுவலகத்தில் அடைந்து கிடப்பவர்களின் உடலுக்கு இது தேவை என்று அப்போதே சொன்னார்கள்.

இப்படி வழி தெரிந்திருந்தும், கழுத்து வலி என்றால் ஓய்வு, ஒத்தடம், காலர் என்ற பழக்கமே நெடுங்காலம் ஓங்கி நின்றது. இது எங்கே தவறுகிறது என்று பாருங்கள். நம் தலை ஏறக்குறைய 5 கிலோ. தலை முன்னால் நீண்டு இருக்கும்போது, பின்கழுத்துத் தசையும் தோள்பட்டைத் தசையும் மணிக்கணக்கில் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கின்றன. களைத்து வலிக்கின்றன. வலிக்கிறதே என்று நாள்கணக்கில் அசைக்காமல் வைத்தால் தசை இன்னும் மெலியும். திங்கட்கிழமை அதே 5 கிலோவை, முன்பைவிட மெலிந்த தசை தாங்க வேண்டும்.

1956-இல் நியூஸிலாந்தின் வெலிங்டனில் ராபின் மெக்கென்சி என்ற பிசியோதெரபிஸ்டுக்கு ஒரு தற்செயல் நிகழ்ந்தது. முதுகு வலியோடு வந்த ஒருவர், தலைப்பக்கம் உயர்த்தி வைத்திருந்த கட்டிலில் தெரியாமல் குப்புறப் படுத்துவிட்டார். பதறிப்போய்ப் பார்த்தால், சில வாரங்களாக இல்லாத சுகம் இப்போது இருக்கிறது என்கிறார் நோயாளி! அதிலிருந்து மெக்கென்சி வளர்த்த முறையின் அடிப்படை, நோயாளி தன் வலியைத் தானே கையாளக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது. கழுத்துக்கென 1983-இல் தனி நூலே எழுதினார்.

இனி கணக்குப் பாடம். பின்லாந்தில் நாள்பட்ட கழுத்து வலி உள்ள 180 அலுவலகப் பெண்களை மூன்று குழுவாகப் பிரித்து ஓர் ஆண்டு கவனித்தார்கள். முடிவு 2003-இல் வந்தது. தலையைச் சுற்றி ரப்பர் பட்டை மாட்டி, அதை எதிர்த்துக் கழுத்துத் தசையை வலுவாக்கிய குழுவில் 73 சதவீதம் பேருக்கு வலி பெருமளவு அல்லது முழுவதும் நீங்கியது. படுத்தபடி தலையைத் தூக்கிப் பழகிய குழுவில் 59 சதவீதம். தசையை நீட்டி மடக்குவதும் பொதுவான உடற்பயிற்சியும் மட்டும் செய்யச் சொன்ன குழுவில் 21 சதவீதம்தான். கழுத்தை நாலு பக்கமும் திருப்பினால் போதும் என்பவர்கள் இந்த மூன்று எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

"நேரம் இல்லை, டீச்சர்" என்று சொல்வீர்கள். டென்மார்க்கில் 198 அலுவலக ஊழியர்களை வைத்து நடந்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. எலாஸ்டிக் பட்டையைப் பிடித்துக் கைகளைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கும் ஒரே பயிற்சி; வாரம் ஐந்து நாள், பத்து வாரம். ஒரு குழு தினம் 12 நிமிடம் செய்தது, இன்னொரு குழு வெறும் 2 நிமிடம். இரண்டு குழுவுக்குமே வலி நன்றாகக் குறைந்தது. இரண்டு நிமிடம் என்பது நீங்கள் போனில் ஒரு வீடியோ பார்க்கும் நேரம்.

நானும் முப்பது வருடம் குனிந்து குனிந்து கட்டுரை நோட்டு திருத்தியவள்தான். ஓய்வு பெற்ற பிறகும் காலையில் அந்தப் பட்டையை எடுத்துவிடுவேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. கை மரத்துப்போனாலோ, கையில் பலம் குறைந்தாலோ, நடை தடுமாறினாலோ, விழுந்து அடிபட்ட பிறகு வலி வந்தாலோ, வலியோடு காய்ச்சல் இருந்தாலோ முதலில் மருத்துவரைப் பாருங்கள். மற்றவர்களும் ஒருமுறை பிசியோதெரபிஸ்டிடம் போய்ப் பயிற்சியைச் சரியாகக் கற்றுக்கொண்டு, மெதுவாக ஆரம்பியுங்கள். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். நாலாம் நாளே விட்டுவிடாதீர்கள்.

வேலையை விடலாமா என்று கேட்ட பிள்ளைக்கு என் பதில் இதுதான்: வேலையை விடாதே, கண்ணு. பத்து வாரம் பட்டையைப் பிடி. பிறகு எனக்குப் போன் பண்ணு.

எல்லோரும் நலமாக இருங்கள்.