ஐபோன் பெட்டியில் சார்ஜரைக் காணோமே... யார் இந்த லிசா ஜாக்சன்?

புது ஐபோன் பெட்டியில் சார்ஜர் இருக்காது. 2020-ல் ஐபோன் 12 அறிமுகமானபோது அதற்குக் காரணம் சொன்னவர், அப்போது ஆப்பிள் துணைத் தலைவராக இருந்த லிசா ஜாக்சன்.

கெமிக்கல் இன்ஜினியரான இவர், 1987-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையில் வேலைக்குச் சேர்ந்தார். 2009-ல் ஒபாமா ஆட்சியில் அதே முகமைக்குத் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர். கார்பன் டை ஆக்சைடு உள்ளிட்ட வாயுக்களால் மக்கள் நலனுக்கு ஆபத்து என அந்த டிசம்பரிலேயே அதிகாரபூர்வமாக அறிவித்தார். வாகனப் புகைக்குக் கடிவாளம் போட வழிவிட்டது அந்த அறிவிப்புதான். குடியரசுக் கட்சி சும்மா விடுமா? கடுமையாக எதிர்த்தது.

2013-ல் பதவி விலகியவர், அதே ஆண்டு ஆப்பிளுக்குப் போனார். அதுவரை கம்பெனிகளுக்கு விதி போட்டவர், கம்பெனி பக்கமே போய்விட்டார்!

வீடுகளில் ஏற்கெனவே சார்ஜர் நிறையக் கிடக்கு, பெட்டி சிறிதானால் சரக்கு அடுக்கில் 70 சதவீதம் கூடுதலாக ஏற்றலாம் என்பது அவர் சொன்ன கணக்கு. பிரேசில் அரசு இதை ஏற்கவில்லை. 2022-ல் ஆப்பிளுக்கு அபராதம் போட்டு, சார்ஜர் இல்லாத ஐபோன் விற்பனைக்கும் தடை விதித்தது.