வைக்கோல் சும்மாடும் இரண்டணா கூலியும்: கணக்கில் வராத ஒரு வலி

கர்ப்பிணிப் பெண்ணின் இடுப்பு வலிக்கும் சாதிக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு நண்பர் கேட்டார். உடம்பு எல்லோருக்கும் ஒன்றுதானே, எலும்பு எல்லோருக்கும் ஒன்றுதானே என்றார். எலும்பு ஒன்றுதான். அந்த எலும்பின் மேல் யார் எவ்வளவு சுமையை ஏற்றினார்கள், வலிக்கிறது என்று சொன்னபோது யாருடைய பேச்சு காதில் விழுந்தது என்பது ஒன்றல்ல. அதைத்தான் இங்கே எழுதப் போகிறோம்.

முதலில் வலியைச் சொல்லிவிடுவோம். ஐந்தாம் மாதம் ஆறாம் மாதம் தாண்டியதும் சில பெண்களுக்குக் கவட்டை எலும்பு முன்பக்கம் சேரும் இடத்திலும், பின்னால் இடுப்புப் பூட்டிலும் ஒரு வலி பிடிக்கும். நடந்தால் வலிக்கும். படி ஏறினால் குத்தும். ஒற்றைக் காலில் நின்று உள்பாவாடை மாட்ட முடியாது. ராத்திரி ஒருக்களித்துப் படுத்தவள் மறுபக்கம் புரள வேண்டுமென்றால் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும். எங்கள் பக்கத்தில் இதற்கென்று தனிப்பெயர் கிடையாது. "கவட்டை விட்டுப்போச்சு", "இடுப்பு பூட்டு கழண்ட மாதிரி இருக்கு" என்பார்கள். சிலர் சூட்டுவலி என்று சொல்லிச் சீரகத் தண்ணி வைத்துக் கொடுப்பார்கள். இது சூடும் இல்லை, பிரசவ வலியும் இல்லை. கர்ப்பகாலத்தில் இடுப்பைச் சுற்றிய தசைநார்கள் தளர்கின்றன. வயிறு பெருத்து உடம்பின் எடை முன்னால் வருகிறது. மூட்டுகள் ஒரே சீராக அசையாமல் போகும்போது வலி வருகிறது. ஐந்து கர்ப்பிணிகளில் ஏறக்குறைய ஒருவருக்கு இது வரும் என்கிறது மருத்துவம். 1870லேயே ஸ்நெல்லிங் என்ற அமெரிக்க மருத்துவர் இதை விவரித்து எழுதிவிட்டார். ஆக, இது புதுசாக முளைத்த நோவு இல்லை. பொதுவாகக் குழந்தைக்கு இதனால் ஆபத்தும் இல்லை. பாடு முழுக்கத் தாய்க்குத்தான்.

ஏற்கனவே முதுகு வலியோ இடுப்பில் அடியோ பட்டவர்களுக்கும், உடம்பை வருத்தும் வேலை செய்கிறவர்களுக்கும் இது அதிகம் வருகிறது. சுமை தூக்கினால், குத்தவைத்து உட்கார்ந்தால், நெடுநேரம் நின்றால் முற்றுகிறது. இந்த மூன்றையும் விட்டுவிட்டால் எங்கள் பெண்களின் ஒரு நாளில் மிச்சம் என்ன இருக்கிறது?

கொத்தமங்கலம் செட்டிநாட்டு ஊர். காரைக்குடிப் பக்கம் வருகிறவர்கள் இங்கெல்லாம் வீடு பார்க்கத்தான் வருகிறார்கள். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடுகள், பர்மாத் தேக்குத் தூண்கள், முட்டை வெள்ளைக்கரு கலந்து இழைத்த சுண்ணாம்புச் சுவர்கள். செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் ஏறிவிட்டன. தேக்கு எந்தக் கப்பலில் வந்தது, பளிங்கு எந்த நாட்டிலிருந்து வந்தது என்று வழிகாட்டி ஒவ்வொன்றாகச் சொல்லுவார். அரைத்த சுண்ணாம்பைச் சட்டியில் அள்ளிச் சாரத்தில் ஏறியது யார் என்று மட்டும் சொல்லமாட்டார். சித்தாள் வேலைக்குப் போன பெண்களில் எத்தனை பேர் அப்போது வாயும் வயிறுமாக இருந்தார்கள் என்று எந்தக் கணக்கப்பிள்ளை பேரேட்டில் எழுதினான்?

எழுதி வைத்த ஆவணம் ஒன்று வேறு இடத்தில் இருக்கிறது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் தன் 'இந்தியாவில் சாதி' நூலில் அதைப் பதிந்து வைத்தார். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்துக் கள்ளர்கள் ஆதிதிராவிடர்கள் மேல் எட்டுத் தடைகள் போட்டார்கள். அது போதவில்லை என்று 1931 ஜூனில் பதினொரு தடைகளாக்கினார்கள். மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, தானியக் குதிர்கள் அழிந்தன, ஆடுமாடுகள் கொள்ளை போயின. இன்றைய சிவகங்கை மாவட்டம் 1985ல்தான் பிரிந்தது. அன்று கொத்தமங்கலம், காரைக்குடி, தேவகோட்டை எல்லாமே ராமநாதபுரம் மாவட்டம்தான்.

இந்தத் தடைகளை நம் தோழர்கள் மேடைகளில் பலமுறை பேசியிருக்கிறார்கள். தங்க நகை போடக்கூடாது, பெண்கள் மேலாடை அணியக்கூடாது, பிள்ளைகள் படிக்கக்கூடாது என்பவை எல்லோருக்கும் தெரியும். இரண்டு தடைகளை மட்டும் நாம் வேகமாகப் படித்துத் தாண்டிவிடுகிறோம். நாங்களும் அப்படித்தான் தாண்டினோம். எங்கள் வீட்டுப் பெண்கள்தான் பிடித்து நிறுத்தினார்கள்.

ஒன்று, தண்ணீர் பற்றியது. பெண்கள் மண்குடத்தில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும், செம்பு பித்தளை ஆகாது. குடத்துக்கு அடியில் வைக்கோலைத்தான் வைக்கலாம், துணியை வைக்கக்கூடாது. சும்மாடு என்பது தலையில் வைக்கிற சுருணை. அதற்குத் துணியா வைக்கோலா என்பதைக்கூட ஒரு கூட்டம் உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறது. மண்குடத்தின் கனம் தூக்கியவளுக்குத் தெரியும். வைக்கோல் சும்மாடு சரியும். சரியாமல் இருக்க இடுப்பை விறைத்து நடக்க வேண்டும். நிறைசூலிக்கு இடுப்பை விறைத்து நடப்பது என்றால் என்னவென்று மேலே சொன்ன வலியோடு சேர்த்துப் பாருங்கள்.

மற்றொன்று, வேலை பற்றியது. மிராசுதாரரிடம் காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை கூலி வேலை செய்ய வேண்டும். ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா. பதினொரு மணி நேரம். குழந்தை சுமக்கிறவளுக்கு, பெற்று எழுந்தவளுக்கு என்று அதில் எந்த விலக்கும் கிடையாது. குத்தவைத்துக் களை எடுப்பது, குனிந்து நடுவது, கட்டு சுமப்பது. அந்த 7 மணிக்கு முன்னாலும் 6 மணிக்குப் பின்னாலும் தண்ணீர், விறகு, உலை, பிள்ளைகள். அவற்றுக்கு அரையணாக்கூட இல்லை.

இது நடந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான் சட்டமன்றங்களில் மகப்பேறு ஓய்வு பற்றிய பேச்சும் நடந்தது. 1928 ஜூலை 28ஆம் நாள் பம்பாய் சட்ட மேலவையில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்து அண்ணல் அம்பேத்கர் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது தேசத்தின் நலன், அதன் செலவில் பெரும் பங்கை அரசு ஏற்க வேண்டும், பெண்ணின் உழைப்பில் லாபம் பார்க்கிற முதலாளியும் பொறுப்பிலிருந்து நழுவக்கூடாது என்பது அவர் வாதம். பேறுக்குப் பின் மட்டும் என்று நிற்காமல் பேறுக்கு முந்தைய நாட்களையும் அவர் சேர்த்ததைக் கவனியுங்கள். இந்த வலி வருவது அந்த நாட்களில்தான். 1929ல் பம்பாயில் சட்டம் வந்தது. 1934ல் மதராஸ் மாகாணத்துக்கும் வந்தது. பிறகு வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்த காலத்தில் சுரங்கப் பெண்களுக்கான மகப்பேறு சட்டத்தையும் அவர் திருத்தினார். 1938ல் குடும்பக் கட்டுப்பாட்டைக் கோரி பம்பாய் சட்டமன்றத்தில் பி. ஜே. ரோஹம் முன்வைத்த தீர்மானத்துக்குப் பின்னாலும் அவர்தான் இருந்தார். ஓயாத பேறு ஒரு பெண்ணின் உடம்பை என்ன செய்யும் என்று அப்போது யோசித்த அரசியல் தலைவர்கள் எத்தனை பேர்?

ஆனால் மதராஸ் சட்டம் ஆலைகளுக்கான சட்டம். மதுரை மில்லுக்குள் இருந்தவளுக்கு அது இருந்தது. கண்மாய்ப் பாசன வயலில் நின்றவளுக்கு இல்லை. 1961ல் இந்தியா முழுமைக்கும் மகப்பேறு நலச் சட்டம் வந்தபோது அதில் நல்ல பிரிவு ஒன்று சேர்ந்தது. பிரசவத்துக்கு முந்தைய ஆறு வாரங்கள், அதற்கும் முன்னால் ஒரு மாதம், கர்ப்பிணி கேட்டுக்கொண்டால் கடினமான வேலையோ நெடுநேரம் நிற்கும் வேலையோ கொடுக்கக்கூடாது என்றது. நெடுநேரம் நிற்பது கெடுதல் என்று சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது. அதுவும் ஆலைக்கும் சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும்தான். 2017ல் விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. நல்லதுதான். அறுப்புக்குப் போகிறவளுக்கும் சித்தாளுக்கும் அந்த 26 வாரத்தில் ஒரு நாள்கூடச் சம்பளத்தோடு வரவில்லை.

தமிழ்நாட்டில் வேறொரு வழி திறந்தது. 1987ல் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு உதவித் திட்டம் 300 ரூபாயில் தொடங்கியது. 2006ல் 6,000, 2011ல் 12,000, 2018ல் ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000. வேலை கொடுக்கும் முதலாளி யார் என்று கேட்காமல் ஏழைக் கர்ப்பிணிக்கு நேராகப் பணம் போனது பெரிய விஷயம். அந்த அம்மையார் பிறந்தது எங்களுக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில். தேவதாசிக் குடும்பத்தில் பிறந்த காரணத்துக்காகப் பள்ளிக்கூட வாசலிலேயே இழிவைப் பார்த்தவர். ஆனால் இந்த உதவி முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான். மூன்றாவது பிள்ளையைச் சுமக்கிறவளுக்கு இடுப்பு இன்னும் தளர்ந்திருக்கும், வீட்டில் தூக்கச் சொல்லி அழ இரண்டு பிள்ளைகள் இருக்கும். அவளுக்குப் பணம் இல்லை. இந்தக் கணக்கு எங்களுக்குப் புரிந்ததே இல்லை.

எங்கள் வீட்டு அப்பத்தாக்களிடம் இந்த வலியைப் பற்றிக் கேட்டால் முதலில் சிரிப்பார்கள். "அறுப்பறுத்துக்கிட்டே பெத்தவளுக நாங்க. பெத்து மூணாம் நாளு தண்ணி தூக்குனோம். இப்ப உள்ளதுகளுக்குத்தான் அங்க வலிக்குது இங்க வலிக்குது." பெருமையாகச் சொல்வார்கள். கொஞ்சம் நேரம் உட்கார்ந்திருந்தால் வேறு பேச்சு வரும். ஒரு அப்பத்தா சொன்னார்: மூன்றாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது வரப்பில் கால் மாற்றி வைக்க முடியாமல் நாற்றுமுடியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். "ஏத்தா, நடிக்கிறியா" என்று வரப்பு மேலிருந்து குரல் வந்ததாம். கிழிந்த சீலைத் துணியை அடிவயிற்றுக்குக் கீழே, இரண்டு பக்க எலும்பும் நெருங்குகிற மாதிரி இறுக்கிக் கட்டிக்கொண்டு மிச்ச நடவை முடித்தாராம். இன்றைக்கு மருந்துக்கடையில் இடுப்புப் பட்டை என்று விற்கிறார்களே, அதே இடம், அதே கட்டு. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்தப் பெருமையை நாங்கள் குறை சொல்லவில்லை. வேறு எதுவும் கையில் இல்லாதவர்களுக்கு அது ஒரு பிடிமானம். ஆனால் அதே வார்த்தையை எதிர்ப்பக்கமும் பிடித்துக்கொண்டது. "உழைக்கிற உடம்பு, அதுகளுக்கு வலி தெரியாது" என்பது பண்ணையார் வீட்டுத் திண்ணைப் பேச்சு மட்டுமல்ல. அமெரிக்காவின் அலபாமாவில் 1845 முதல் 1849 வரை மேரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் அடிமைக் கறுப்பினப் பெண்களை மயக்க மருந்தில்லாமல் திரும்பத் திரும்ப அறுத்துத் தன் அறுவை முறையைக் கற்றார். அனார்க்கா என்ற பெண்ணுக்கு மட்டும் முப்பது முறை அளவுக்கு. நவீன பெண்ணோயியல் மருத்துவத்தின் தந்தை என்று சிலை வைத்தார்கள். நியூயார்க் மத்தியப் பூங்காவிலிருந்து அந்தச் சிலை இறங்க 2018 ஆனது. கறுப்பர்களுக்கு வலி குறைவு என்று அங்கே நம்பினார்கள். இங்கே அதைக் கொஞ்சம் மாற்றி எங்களிடம் சொன்னார்கள்.

இன்றைக்கு நிலைமை அப்படியே இல்லை. பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. நர்சம்மா வீடு தேடி வருகிறார். எடை, ரத்த அழுத்தம், ரத்த அளவு எல்லாம் அட்டையில் ஏறுகிறது. வலி மட்டும் ஏறுவதில்லை. எங்கள் தெருப் பெண் ஒருத்தி ஏழாம் மாதத்தில் போய்ச் சொன்னபோது கிடைத்த பதில், "மாசமா இருந்தா இடுப்பு வலிக்கத்தான் செய்யும், நல்லா நட." இந்த வலிக்கு நீண்ட நடை ஆகாது. அவள் சொன்னபடி நடந்தாள், அடுத்த வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கழிப்பறைக்குப் போனாள்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார். படுத்த படுக்கையாய்க் கிடக்கும் பெரியவர்களுக்கு அது பெரிய உதவி. அதே ஆள் அதே தெருவில் ஒரு கர்ப்பிணியின் இடுப்பையும் பார்த்துப் பயிற்சி சொல்லித்தர முடியும். நூறு நாள் வேலையில் கர்ப்பிணிகளுக்கு வீட்டுப் பக்கத்திலேயே இலகுவான வேலை தர வேண்டும் என்று அதன் வழிகாட்டு நெறிமுறையிலேயே எழுதியிருந்தது. கண்மாய்க் கரையில் மண்சட்டி தூக்கியவர்களிடம் அதை யார் படித்துக் காட்டினார்கள்? கேட்டு வாங்குவதை நம் அமைப்புகளும் செய்யவில்லை. மேல்சாதியைத் திட்டுகிற வேகத்தில் பாதியை இதற்குச் செலவழித்திருக்கலாம் என்று எங்கள் பெண்கள் சொல்வது உண்மை.

வீட்டுக்குள்ளும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. இரண்டணாவை எழுதியவன் வெளியாள். வலியோடு உலை வைக்கிறவளிடம் "சோறு ஆச்சா" என்று கேட்கிறவன் நம் ஆள். நீலத் துண்டு போட்ட கையால் ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் கொள்கை குறைந்துவிடாது.

எங்கள் தெருவில் இப்போது சில வீடுகளில் செய்து பார்க்கிறார்கள். கர்ப்பிணி படுக்கையிலிருந்து எழும்போது இரண்டு முழங்காலையும் சேர்த்துவைத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுகிறாள். தூங்கும்போது முழங்கால்களுக்கு நடுவே பழைய சீலையைத் தலையணையாகச் சுருட்டி வைக்கிறாள். துணி மாற்றுவதும் காய் நறுக்குவதும் நாற்காலியில் உட்கார்ந்தபடி. அரிவாள்மனைக்கு முன் குத்தவைப்பதில்லை. பெரிய பிள்ளையை இடுப்பில் தூக்குவதில்லை. அவன் அழுதால் இவள் உட்கார்ந்துகொள்ள, அவனே மடிக்கு வருகிறான். வலி கடுமையாகி நடக்க முடியாமல் போனாலோ, காய்ச்சல், நீர்க்கசிவு, ரத்தம் என்று எது சேர்ந்தாலோ அதை இந்த வலி என்று விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதையும் மாமியார்களிடமே சொல்லி வைத்திருக்கிறோம்.

குழாயில் தண்ணீர் விடியற்காலையில் வருகிறது. அந்த ஏழாம் மாதத்துப் பெண்ணின் வீட்டில் இப்போது குடம் தூக்குவது அவள் கொழுந்தன். முதல் நாள் தெருவே பார்த்துச் சிரித்தது. அந்த அப்பத்தா மட்டும் திண்ணையிலிருந்து, "துணியச் சுருட்டித் தலையில வைடா, வழுக்கும்" என்றார்.